நம்பர்பிளாக்ஸ் பார்க்கும் குழந்தைக்கு எண் புரிய வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒன்றிலிருந்து இருபது வரை மூச்சு விடாமல் ஒப்பிக்கும் மூன்று வயதுக் குழந்தையிடம், "நாலு கட்டை எடுத்துக் குடு" என்று கேட்டுப் பாருங்கள். பல குழந்தைகள் கை கொண்ட மட்டும் அள்ளிக் கொடுத்துவிடும். குழந்தை எண்களின் பெயர்களைப் பாட்டாகத்தான் கற்றிருக்கிறது. "நாலு" என்ற சொல் ஓர் அளவைக் குறிக்கிறது என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் நம்பர்பிளாக்ஸ் என்ற ஆங்கிலக் கார்ட்டூன் தொடர் உருவானது. பிபிசியின் சிறுவர் அலைவரிசையான சிபீபீஸில் 2017 ஜனவரி 23 அன்று தொடங்கியது. உருவாக்கியவர் ஜோ எலியட். அசைவூட்டம் புளூ ஜூ நிறுவனம். இங்கிலாந்தின் கணிதக் கற்பித்தலுக்கான தேசிய மையம் இந்தத் தொடரை வைத்து ஆசிரியர்களுக்குப் பாடக் குறிப்புகளே தயாரித்திருக்கிறது. தொடர் நல்ல தொடர்தான். ஆனால் திரையைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டால் குழந்தைக்குப் பாட்டு மட்டும் மனப்பாடமாகும். ஐந்து நிமிட எபிசோடும் அதற்குப் பிறகு கட்டைகளோடு பத்து நிமிடமும் சேர்ந்தால்தான் எண் கைக்கு வரும். அதை எப்படிச் செய்வது என்பதைப் பார்ப்போம்.

தொடருக்குள் என்ன இருக்கிறது

ஒவ்வொரு பாத்திரமும் அதன் எண்ணுக்கு ஏற்ற அத்தனை கட்டைகளால் ஆனது. மூன்று என்பவர் மூன்று கட்டை உயரம், நான்கு என்பவர் நான்கு கட்டை. தலைக்கு மேலே அந்த எண்ணின் இலக்கம் மிதந்துகொண்டிருக்கும். குழந்தை அளவு, பெயர், இலக்கம் மூன்றையும் ஒரே நேரத்தில் பார்க்கிறது.

நிறங்கள் மாறாதவை. ஒன்று சிவப்பு, இரண்டு ஆரஞ்சு, மூன்று மஞ்சள், நான்கு பச்சை, ஐந்து நீலம், ஆறு ஊதா. ஏழுக்கு வானவில்லின் ஏழு நிறங்களும் ஒவ்வொரு கட்டையாக வரும். எட்டு இளஞ்சிவப்பு. ஒன்பது சாம்பலின் மூன்று சாயல்களில் மும்மூன்றாக நிற்கும். பத்து வெள்ளை, அதைச் சுற்றிச் சிவப்புக் கரை. அந்தக் கரை அழகுக்காக மட்டும் போட்டதில்லை. பத்துக்கு ஒன்றின் நிறத்தில் கரை, இருபதுக்கு இரண்டின் ஆரஞ்சில் கரை. "ஒரு பத்து, இரண்டு பத்து" என்பதை நிறமே சொல்லிவிடுகிறது. பதினொன்று என்பவரின் உடலில் பத்து வெள்ளைக் கட்டைகளும் ஒரு சிவப்புக் கட்டையும் இருக்கும்.

கூட்டல் என்றால் ஒருவர் இன்னொருவர் தலைமேல் ஏறி இருவரும் ஒரே ஆளாகிவிடுவார்கள். கழித்தலில் பிரிந்து நிற்பார்கள். ஐந்து உடைந்து நான்கும் ஒன்றும் ஆகும்போது ஒரு கட்டையும் காணாமல் போவதில்லை. கணக்கின் முதல் பெரிய உண்மை இதுதான். இரண்டு நொடியில் நடந்து முடிவதால் பெரியவர் நிறுத்திக் காட்டாவிட்டால் நழுவிவிடும்.

எடுத்து வைக்க வேண்டியவை

ஒன்றோடொன்று மாட்டும் பிளாஸ்டிக் கட்டைகள், பக்கத்துக்கு 2 செ.மீ. அளவில், நல்லவை. முதல் கட்டத்துக்கு 15 போதும்: சிவப்பு 1, ஆரஞ்சு 2, மஞ்சள் 3, பச்சை 4, நீலம் 5. ஒன்று முதல் பத்து வரை முழுப் படிக்கட்டும் கட்ட 55 வேண்டும். இவை போக, ஒரே நிறத்தில் 30 கட்டைகள் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். தொடருக்கென்றே விற்கும் தொகுப்பை வாங்குபவர்கள் பலரும் விட்டுவிடுவது இந்த 30-ஐத்தான். இதன் அவசியம் கீழே "படி 3" என்ற பகுதியில் தெரியும்.

கட்டை கிடைக்காவிட்டால் தடித்த ஏ4 அட்டை ஒன்றில் 3 செ.மீ. கட்டங்கள் போடுங்கள். அகலத்தில் 7, நீளத்தில் 9 என 63 சதுரங்கள் கிடைக்கும். 55 போக 8 மிச்சம். நிமிர்ந்து நிற்காது, மேசையில் படுக்க வைத்துத்தான் அடுக்க முடியும். வழுக்கினால் அடியில் ஒரு துணி விரித்துக்கொள்ளலாம். படிக்கட்டு, சதுரம், பிரித்தல் எல்லாம் இதிலும் வரும்.

ஒரு கவனம்: 2 செ.மீ. கட்டை சிறு குழந்தையின் தொண்டையில் சிக்கக்கூடிய அளவு. மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் கைக்குள் அடங்காத பெரிய கட்டைகளையே கொடுங்கள். காந்தம் வைத்த கட்டைகள் உடைந்து காந்தம் வெளியே வந்தால் அந்தத் தொகுப்பையே எடுத்துவிட வேண்டும். விழுங்கிய காந்தங்கள் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துப் பெரும் கேடு செய்யும்.

திரை நேரத்துக்கு உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தந்த வரம்பு: ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம், குறைந்தால் இன்னும் நல்லது. இந்த முறைக்கு அவ்வளவு தேவையே இல்லை, ஒரு நாளைக்கு ஓர் எபிசோடு போதும். அடுத்த எபிசோடு தானாக ஓடும் வசதியை முதல் வேலையாக அணைத்துவிடுங்கள். யூடியூபில் பார்ப்பதானால் தொடரின் சொந்தச் சேனலில் மட்டும் பாருங்கள். ரசிகர்கள் செய்த நகல்கள் அங்கே ஏராளம். அவற்றில் கட்டை எண்ணிக்கை தப்பாக இருந்தால் உள்ளதும் கெட்டுப்போகும்.

தொடங்கும் முன் மூன்று கேள்வி

குழந்தை எங்கே நிற்கிறது என்று தெரியாமல் எபிசோடைத் தேர்ந்தெடுக்க முடியாது. விளையாட்டுப் போலவே கேளுங்கள், மொத்தம் ஐந்து நிமிடம்.

ஐந்து கட்டைகளை வரிசையாக வைத்து எண்ணச் சொல்லுங்கள். விரலையும் வாயையும் சேர்த்துக் கவனியுங்கள். நம் பேச்சில் எண்களின் பெயர்கள் பெரும்பாலும் இரண்டு அசை கொண்டவை: ஒண்-ணு, ரெண்-டு, மூ-ணு. சில குழந்தைகள் "மூ" என்று ஒரு கட்டையையும் "ணு" என்று அடுத்த கட்டையையும் தொட்டுவிடும். பார்ப்பவருக்கு அவசரத்தில் தாவுவது போலத் தெரியும், ஆனால் குழந்தை ஒழுங்காகத் தாளம்தான் போடுகிறது. தொடுவதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு கட்டையையும் எடுத்து ஒரு தட்டில் போடும்போது ஒரு பெயர் சொல்ல வையுங்கள். கட்டை தட்டில் விழும் சத்தமும் பெயரும் ஒன்றாக வரும். சில நாளில் சரியாகிவிடும்.

எண்ணி முடித்ததும், "அப்ப மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். "அஞ்சு" என்று உடனே வந்தால் கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது புரிந்திருக்கிறது. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால் இன்னும் புரியவில்லை.

மூன்றாவதாக, ஒரு குவியலைக் காட்டி "ரெண்டு குடு", "மூணு குடு", "நாலு குடு" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எந்த எண்ணில் தடுமாறுகிறதோ அதுதான் உங்கள் தொடக்கம். ஒன்று புரிந்து, சில மாதம் கழித்து இரண்டு புரிந்து, பிறகு மூன்று என்று மெதுவாக ஏறுவதுதான் இயல்பு. மூன்று நான்கைத் தாண்டியபின் மற்ற எண்கள் மளமளவென்று வந்துவிடும். இரண்டில் நிற்கும் குழந்தைக்கு இருபதின் எபிசோடைக் காட்டுவது வீண்.

படி 1: ஒரே எபிசோடை மூன்று முறை

முதல் சீசனின் 15 எபிசோடுகளும் ஐந்துக்குள் உள்ள எண்களைச் சுற்றியே வருகின்றன. இரண்டாம் சீசனின் 15-இல் ஆறு முதல் பத்து வரை. இந்த வரிசையை மாற்றாதீர்கள். முந்தைய எபிசோடில் வந்தவர்தான் அடுத்ததில் ஏறி நின்று புதிய எண்ணாகிறார்.

முதல் நாள் குறுக்கிடாமல் முழுதாகப் பார்க்க விடுங்கள். கதை முதலில் மனதில் பதிய வேண்டும்.

இரண்டாம் நாள் ரிமோட் உங்கள் கையில். மூன்று இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். புதிய பாத்திரம் வந்து பெயர் சொல்லும் முன் "இது யாரு? எத்தனை கட்டை இருக்கு?" என்று ஒரு முறை. இருவர் ஒருவர்மேல் ஒருவர் ஏறப்போகும் நொடியில் "ரெண்டு பேரும் சேந்தா யாரு வருவா?" என்று ஒரு முறை. பிரிந்து நிற்கும் காட்சியில் "இப்ப யார் யார் நிக்கிறாங்க?" என்று ஒரு முறை. கேட்டபின் மனதுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள். பெரியவர்கள் அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடும் இடம் இது. விடை வராவிட்டால் ஓட விடுங்கள், திரையே சொல்லிவிடும். மூன்றுக்கு மேல் நிறுத்தினால் குழந்தைக்கு எரிச்சல் வரும், அடுத்த நாள் ரிமோட்டை மறைத்து வைத்துவிடும்.

மூன்றாம் நாள் கட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு பாருங்கள். திரையில் யார் வருகிறாரோ அவரைக் குழந்தை கட்டிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏறும்போது ஏற்றி மாட்டட்டும், பிரியும்போது பட்டென்று உடைக்கட்டும்.

தொடர் ஆங்கிலத்தில் பேசுகிறது, நீங்கள் தமிழிலேயே பேசுங்கள். "த்ரீ" என்று திரை சொல்ல, "ஆமா, மூணு" என்று நீங்கள் சொன்னால் குழந்தை குழம்பாது. அளவு ஒன்றுதான், பெயர்தான் இரண்டு. ஆனால் ஒரே எண்ணும் வரிசைக்குள் மொழியைக் கலக்காதீர்கள். "ஒன், டூ, மூணு, ஃபோர்" என்று போனால் பெயர்களின் வரிசை நிலைக்காது. தமிழில் இன்னொரு சின்ன முடிச்சும் உண்டு. தனியாக எண்ணும்போது "ஒண்ணு", பொருளோடு சேரும்போது "ஒரு". "ஒரு கட்டை குடு" என்பதும் ஒண்ணுதான் என்பதைத் தொடக்கத்தில் இரண்டையும் சேர்த்தே சொல்லிக் காட்டுங்கள்.

படி 2: ஐந்துக்குள் குடியிருப்பது

இந்தப் படியில்தான் அதிக நாள் செலவாக வேண்டும், குறைந்தது மூன்று நான்கு வாரம். பத்துக்கு ஓடிவிடும் ஆசை பெற்றோருக்குத்தான் வரும், குழந்தைக்கு வராது.

முதலில் எண்ணாமலே பார்த்துச் சொல்வது. இரண்டு, மூன்று, நான்கு பொருள்களை மனிதக் கண் ஒரு பார்வையிலேயே அறிந்துகொள்ளும். மூன்று கட்டைகளை ஒரு கிண்ணத்தால் மூடி வையுங்கள். தூக்கி, ஒரு நொடி காட்டி, மூடுங்கள். "எத்தனை பாத்தே?" எண்ண நேரம் கொடுக்கவே கூடாது. அடுக்கும் விதத்தை மாற்றிக்கொண்டே இருங்கள்: ஒரே வரிசை, முக்கோணம், சிதறல். தொடரில் நான்கு என்பவருக்குச் சதுரம் என்றால் உயிர், அதனால் சில குழந்தைகள் சதுரமாக இருந்தால்தான் நான்கு என்று பிடிவாதம் பிடிக்கும். அப்போது அதே நான்கு கட்டையைக் குழந்தையின் கண்ணெதிரே சதுரத்திலிருந்து வரிசைக்கும், வரிசையிலிருந்து எல் வடிவத்துக்கும் மாற்றி ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

அடுத்தது படிக்கட்டு. ஒன்று முதல் ஐந்து வரை பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். ஒற்றைச் சிவப்புக் கட்டையை ஒவ்வொரு படியிலும் வைத்துப் பார்க்க விடுங்கள். வைத்ததும் அந்தப் படி அடுத்ததன் உயரத்துக்கு வந்துவிடும். "ரெண்டும் இன்னும் ஒண்ணும்… மூணு!" அடுத்த எண் என்பது இன்னும் ஒன்று என்பதை விரல்நுனியே கற்றுக்கொள்ளும். ஒரு படியை எடுத்து ஒளித்துவிட்டு "யாரைக் காணோம்?" என்றும் விளையாடலாம்.

பிறகு உடைப்பது. ஐந்து கட்டைக் கம்பத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் உடைத்து, ஒரு துண்டை மட்டும் காட்டுங்கள். "இங்க ரெண்டு இருக்கு. பின்னாடி எத்தனை?" குழந்தை முதலில் ஊகிக்கும். உடனே சரி தப்பு சொல்லாதீர்கள், மறைத்த துண்டை எடுத்து மாட்டிக் காட்டுங்கள். ஐந்துக்குள் இருப்பவை இரண்டே ஜோடி: ஒன்றும் நான்கும், இரண்டும் மூன்றும். அவை இரண்டும் கேட்ட மாத்திரத்தில் வர வேண்டும்.

படி 3: நிறத்தைக் கழற்றுவது

இந்தத் தொடரோடு வரும் மிகப் பெரிய சிக்கல் இதுதான், பலரும் கவனிக்காததும் இதுதான். மூன்று நீலக் கட்டைகளை மாட்டிக் குழந்தையிடம் நீட்டி, "இது யாரு?" என்று கேளுங்கள். "அஞ்சு!" என்று பளிச்சென்று விடை வந்தால், குழந்தை இத்தனை நாளும் அளவைப் பார்க்கவே இல்லை, நிறத்தைத்தான் படித்திருக்கிறது. தொடர் எபிசோடு எபிசோடாக ஐந்தை நீலமாகவே காட்டியிருப்பதால் குழந்தையின் மேல் தவறு இல்லை.

இங்கேதான் ஒரே நிறத்தில் வைத்திருக்கும் கட்டைகள் வெளியே வர வேண்டும். முதலில் நிறக் கட்டைப் படிக்கட்டைக் கட்டுங்கள். அதன் பக்கத்திலேயே ஒரே நிறத்தில் இன்னொரு படிக்கட்டு. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி "யாருக்கு யார் ஜோடி?" என்று பொருத்தச் சொல்லுங்கள். இரண்டு நாள் கழித்து நிறப் படிக்கட்டை எடுத்துவிட்டு ஒரே நிறத்தில் மட்டும் கேளுங்கள். பிறகு கட்டையே இல்லாமல் கரண்டி, பென்சில், பொத்தான், கைதட்டல். மூன்று தட்டு தட்டிவிட்டு "எத்தனை தட்டு கேட்டே?" என்பது நல்ல சோதனை. சத்தத்துக்கு நிறமும் இல்லை, உருவமும் இல்லை. இதில் தேறாத குழந்தையை அடுத்த சீசனுக்கு அனுப்ப வேண்டாம்.

இலக்கத்தையும் இந்த நேரத்தில் சேர்க்கலாம். 8 செ.மீ. சதுர அட்டைகளில் 1 முதல் 5 வரை பெரிதாக எழுதி, தொடரில் மிதப்பது போலக் கம்பத்தின் தலைக்கு மேல் பிடிக்க வையுங்கள். 4 என்பது சில இடங்களில் மேலே மூடியும் சில இடங்களில் திறந்தும் அச்சாகும், இரண்டையும் காட்டிவிடுங்கள். எழுத வைக்க அவசரம் வேண்டாம். இலக்கங்களைத் திருப்பி எழுதுவது ஆறேழு வயது வரை சாதாரணம்.

படி 4: ஆறு முதல் பத்து

ஐந்து உறுதியாகிவிட்டால் இது சீக்கிரம் போகும். ஏனென்றால் ஆறு முதல் பத்து வரை எல்லாமே ஐந்தும் இன்னும் கொஞ்சமும்தான். ஒரு கையை முழுதாக விரித்து, அடுத்த கையில் இரண்டு விரல். "அஞ்சும் ரெண்டும் ஏழு." குழந்தை மறுபடி முதல் விரலிலிருந்து எண்ணினால், விரித்த கையை உங்கள் உள்ளங்கையால் மூடி "இது அஞ்சு, தெரியும். அஞ்சுக்கு அப்புறம்…" என்று எடுத்துக்கொடுங்கள். மூடியிருப்பதால் மறுபடி எண்ண வழியில்லை.

ஒற்றை இரட்டையைப் பற்றிய எபிசோடு இரண்டாம் சீசனில் வருகிறது. அதில் எல்லோரும் இரண்டு இரண்டாக நிற்பார்கள். ஒற்றை எண்ணுக்கு உச்சியில் ஒரு கட்டை துருத்திக்கொண்டு நிற்கும். கட்டைகளில் அதையே செய்து, உள்ளங்கையை மேலே வைத்துத் தடவிப் பார்க்க விடுங்கள். சமமாக இருந்தால் இரட்டை, தடுக்கினால் ஒற்றை. கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடும் குழந்தைகள் உண்டு.

பத்தின் ஜோடிகளுக்குத் தனியாக ஒரு வாரம் வையுங்கள். 1-9, 2-8, 3-7, 4-6, 5-5. முதுகுக்குப் பின்னால் உடைக்கும் அதே விளையாட்டுதான். பின்னாளில் 8-ஐயும் 5-ஐயும் கூட்டும்போது எட்டுக்கு இரண்டு கொடுத்துப் பத்தாக்கும் வித்தைக்கு அடித்தளம் இங்கேதான் போடப்படுகிறது.

படி 5: பத்தைத் தாண்டும்போது தமிழ் கை கொடுக்கும்

ஆங்கிலத்தில் லெவன், டுவெல்வ் என்ற பெயர்களைக் கேட்டால் உள்ளே பத்து ஒளிந்திருப்பது தெரியாது. அதனால்தான் தொடர் வெள்ளை உடலையும் சிவப்புக் கரையையும் வைத்து அவ்வளவு பாடுபடுகிறது. தமிழில் பெயரே அதைச் சொல்லிவிடுகிறது. பதினொண்ணு: பத்தும் ஒண்ணும். பதினாலு: பத்தும் நாலும். பத்துக் கட்டைக் கம்பத்தை இடக்கையில் கொடுத்து, வலக்கையில் நாலு கட்டை கொடுத்து, இரண்டு கையையும் மாறி மாறித் தூக்கிக்கொண்டே "பதி… னாலு" என்று பிரித்துச் சொல்ல வையுங்கள். இருபது, முப்பது, நாற்பதும் அப்படியே, இரு பத்து, மூன்று பத்து, நான்கு பத்து.

தமிழ் காலை வாரும் இடங்களும் உண்டு. பேச்சில் "ஒம்பது", "அம்பது" இரண்டும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். 9-ஐயும் 50-ஐயும் குழப்பும் குழந்தைக்கு ஒன்பது கட்டையையும் ஐந்து பத்துக் கம்பங்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். ஒரே நிறக் கட்டை போதாது, எல்லா நிறத்தையும் கலந்து கட்டுங்கள். "தொண்ணூறு" என்பதில் "நூறு" காதில் விழுவதால் சிலர் அதை நூறுக்குப் பிறகு வைப்பார்கள். அதற்கு ஒன்பது பத்துகளை வரிசையாக அடுக்கி, இன்னொரு பத்து வந்தால்தான் நூறு என்று காட்டுவதைத் தவிர குறுக்குவழி இல்லை. நூறு கட்டை இல்லாவிட்டால் அட்டையில் பத்துச் சதுரப் பட்டைகளாக வெட்டிக்கொள்ளுங்கள்.

பூஜ்யத்திலும் ஒரு சிக்கல். வெறும் தட்டைக் காட்டி நாம் "ஒண்ணும் இல்ல" என்கிறோம். குழந்தைக்கு "ஒண்ணு" என்றும் கேட்கிறது. "இங்க எத்தனை? பூஜ்யம்" என்று பெயரைச் சொல்லியே பழக்குங்கள். மூன்று கட்டையை ஒவ்வொன்றாக எடுத்து "ரெண்டு, ஒண்ணு, பூஜ்யம்" என்று இறங்கி வந்தால் எளிதாகப் பதியும்.

கடைசியாக, "இருபத்தெட்டு, இருபத்தொம்பது, இருபத்திப் பத்து" என்று குழந்தை சொன்னால் சிரித்துத் திருத்திவிடாதீர்கள். ஒன்பதுக்கு அப்புறம் பத்து வரும் என்று அது விதியைக் கண்டுபிடித்திருக்கிறது, விதி சரியானதே. இரண்டு பத்துக் கம்பங்களையும் ஒன்பது உதிரிக் கட்டைகளையும் மேசையில் வையுங்கள். இன்னும் ஒரு கட்டையைக் கொடுத்து, உதிரிகள் பத்தையும் ஒரே கம்பமாக மாட்டச் சொல்லுங்கள். "இப்ப எத்தனை பத்து இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். "மூணு" என்று வந்ததும், "அதுக்குப் பேரு முப்பது" என்று நீங்கள் பெயரைக் கொடுத்தால் போதும்.